மதினி திருப்பி வைத்த வசனம்

உள்ளங்கையில் அடங்கும் வழுவழுப்பான அட்டை அது. ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் ஒரு பைபிள் வசனம். புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் இப்படிப்பட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் பரப்பி வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனமே அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்குத் தந்த வார்த்தை. அண்ணன் இறந்த பிறகு வந்த முதல் புத்தாண்டில் மதினியின் கைக்கு வந்தது பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வசனம். இளமையிலிருந்து முதுமைவரை வாழ்ந்துவிட்டேன், நீதிமான் கைவிடப்பட்டதையும் அவன் பிள்ளைகள் அப்பத்துக்கு அலைந்ததையும் நான் கண்டதில்லை என்று சொல்லும் வசனம்.

அண்ணன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார். தீபாவளி சீசனில் நடந்த வெடிவிபத்தில் போய்விட்டார். சிவகாசி அச்சகம் ஒன்றில் மதினிக்கு வேலை கிடைக்கும்வரை, அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்த நான், விடுமுறைக்கு வந்தபோது அதைப் பார்த்தேன். ஆறுதல் சொல்ல வந்த சபை மூப்பர், “மறைவான பாவம் ஏதாச்சும் இருந்திருக்கும். ஜெபத்துல கேட்டுப் பாரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தாண்டு காலையில் அவள் அட்டையை இரண்டு முறை படித்தாள். பிறகு தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

“எடுத்ததை வைக்கக் கூடாதும்மா” என்றார் போதகர்.

“எழுதுனவரு பாக்கலைன்னு எழுதியிருக்காரு. நான் பாத்திருக்கேன் ஐயா. இதை வாங்கிக்கிட்டா, எங்க வீட்டுக்காரர் நீதிமான் இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. மூப்பர் தொண்டையைச் செருமினார். மதினி யாரையும் பார்க்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் போனபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மூன்றாம் நாள் போதகர் மதினியின் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வசனத்தை ஆவிக்குரிய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். மதினி கேட்டு முடித்துவிட்டு, பைபிளில் எபிரெயர் நிருபப் பகுதியை எடுத்து விரலை வைத்துப் படித்தாள். விசுவாசிகள் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, குறைவையும் துன்பத்தையும் அனுபவித்து, வனாந்தரங்களில் அலைந்தார்கள் என்று வரும் இடம்.

“இவுகளும் நீதிமான்கதானே?”

“ஆமாம்மா.”

“பிறகு ஏன் இது ஒரு அட்டையிலயும் இல்ல? டிசம்பர் முழுக்க அச்சகத்துல இந்த அட்டைகளை நான்தான் வெட்டிக் கட்டுனேன். அம்புட்டும் ஆசீர்வாதம், செழிப்பு. அப்படித்தான் ஆர்டர் வருது.”

“அதை யாரும்மா ஆசையா எடுப்பாக?” என்றார் போதகர். அவர் சொன்னதில் அதுதான் உண்மையான பதில் என்று எனக்குத் தோன்றியது.

“நாங்க இருக்கோம். எங்க தெருவுல மட்டும் இப்படி ஆளைப் பறிகொடுத்த நாலு வீடு இருக்கு.”

அடுத்த வருடம் மதினி, அச்சக முதலாளியிடம் கேட்டு வாங்கிய கழிவு அட்டைகளில், பசியையும் குறைவையும் பற்றிய வசனங்களைத் தன் கையாலேயே எழுதினாள். ரோஜாப்பூ கிடையாது. ஆராதனைக்கு முன்பே போய்த் தட்டில் கலந்து வைத்தாள். மூப்பர் அவற்றைப் பொறுக்கி எடுக்கப் போனபோது, “கிடக்கட்டும், அதுவும் வேதம்தான்” என்றார் போதகர். வெடிவிபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெண், மதினி கையால் எழுதிய அட்டை ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போயின.

இரண்டு வசனங்களையும் எப்படிப் பொருத்துவது என்று எனக்கு இன்றும் தெரியாது. மதினி பொருத்திப் பார்க்க முயன்றதே இல்லை. இத்தனை பேச்சு கேட்டும் ஏன் அதே சபைக்குப் போகிறீர்கள் என்று போன மாதம் கேட்டேன். பைபிளைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: “நான் எதுக்கு வேற சபைக்குப் போகணும்? அந்தப் புஸ்தகத்துல எங்களுக்கும் பக்கம் இருக்கு.”