காலரிலிருந்து தொடங்கிய சட்டை

கம்பெனியில் அவளுக்குப் பெயர் காலரக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் அந்தத் தையல் கூடத்தில் ஒருத்தி பை தைப்பாள், ஒருத்தி கை மூட்டுவாள், ஒருத்தி நாளெல்லாம் பொத்தான் துளை போட்டுக்கொண்டே இருப்பாள். சட்டை காலரக்காவின் கைக்கு வரும்போது பாதி பிறந்திருக்கும். அவள் கையை விட்டுப் போகும்போது அதற்குக் கழுத்து முளைத்திருக்கும். அப்புறம் அது எந்த மேஜைக்குப் போனது, எந்தக் கடையில் தொங்கியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. பல வருடமாக அவள் தைத்தது காலர், காலர், காலர் மட்டும்தான்.

அவளுக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை சூப்பர்வைசரிடம் போய், "சார், ஒரு வாரம் கை மூட்டுற இடத்துல உக்காந்து பாக்கறேனே" என்று கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா அது? காலர் ராணியா இருக்க. ராணி எதுக்கு எடம் மாறணும்?" என்று அவர் சிரித்தார். பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் கணக்கு வேறு. முழுச் சட்டை தைக்கத் தெரிந்தவள் நாளைக்கே வீட்டு வாசலில் ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். காலர் மட்டும் தெரிந்தவள் எங்கே போவாள்? கழுத்து மட்டும் வாங்க யார் வருவார்கள்? ஆளைக் கட்டிப் போடக் கயிறு தேவையில்லை. அவளுக்குத் தெரிந்ததை ஒரு முழ அளவுக்கு வெட்டி வைத்தால் போதும்.

வீட்டிலோ அவள் தையல்காரி. அந்தப் பட்டத்தை ஊரெல்லாம் பறைசாற்றியது அவளுடைய நாத்தனார். "எங்க அண்ணி கை பட்டா கந்தல் கூடக் கல்யாணச் சட்டை ஆயிடும்" என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தாள். வீட்டு மெஷினில் காலரக்கா தைத்ததெல்லாம் கிழிசலும், ஓரமடிப்பும், வீட்டுக்காரரின் பேன்ட் அடியும்தான். புதுத் துணியில் கத்தரி வைத்ததே கிடையாது. முதல் வருடம் வெட்கத்தில் மறுக்காமல் இருந்துவிட்டாள். அப்புறம் மறுக்க வழியில்லாமல் போய்விட்டது.

அந்தக் கோடையில் ஆர்டர் இல்லையென்று கம்பெனியைப் பூட்டினார்கள். கூப்பிடும்போது வந்தால் போதும், அதுவரை சம்பளம் கிடையாது. அதே வாரம் நாத்தனார் மாடிப்படியில் வழுக்கி வலது கையை உடைத்துக்கொண்டாள். தோளுக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து உள்ளங்கை வரை, முழங்கை மடங்கியபடியே மாவுக்கட்டு.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்றாள் கீழ்வீட்டுக்காரி, பார்க்க வந்த இடத்தில்.

"கண்ணெல்லாம் இல்லக்கா, சோப்புத் தண்ணி. படியக் கழுவிட்டுத் துடைக்காமப் போனது யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றாள் நாத்தனார். கீழ்வீட்டுக்காரி அதற்கப்புறம் ஆரஞ்சுப் பழத்தோடு மட்டும் வந்தாள், கருத்தோடு வரவில்லை.

நாத்தனாருக்கு ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. விடுப்பு முடியப் போகிறது. அவள் இடத்தில் தற்காலிகமாக ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஒருத்தி மேலதிகாரியின் உறவு. "திங்கக்கிழமை வரலன்னா அவங்களே தொடரட்டும்னு எழுதிடுவேன்" என்று அதிகாரி போனில் சொல்லிவிட்டார். கை உடைந்தவளுக்கு இன்னும் பத்து நாள் கொடுத்தால் ரயில் நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில் சட்டம் அப்படித்தான் விறைப்பாக நிற்கும்.

போவதில் நாத்தனாருக்குத் தயக்கமில்லை. "அங்க வேலை பாக்கறது என் வாய்தான. அது உடையலையே" என்றாள். சிக்கல் உடையில் இருந்தது. எந்தச் சட்டைக் கையிலும் அந்தக் கட்டு நுழையவில்லை. வீட்டில் அண்ணனுடைய பழைய சட்டையைப் பொத்தான் போடாமல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியே போய் ஊரார் கண்முன் ஜன்னலில் உட்கார முடியுமா? கடைகளில் தேடிப் பார்த்தாயிற்று. தெருமுனைத் தையல்காரரோ பள்ளிச் சீருடை மலைக்குள் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். "பள்ளிக்கூடம் தொறந்த அப்புறம் வாங்கம்மா" என்றார், தலையைக் கூடத் தூக்காமல்.

"அவர் எதுக்கு? வீட்டுலயே தையல்காரிய வச்சுக்கிட்டு" என்றாள் நாத்தனார். "அண்ணி, முன்பக்கம் முழுக்கத் தொறக்கணும். வலது கை மேலேர்ந்து கீழ வரைக்கும் பிளந்து, நாடாவால கட்டிக்கிற மாதிரி. உனக்கு இதெல்லாம் ஊதித் தள்ற வேலை."

காலரக்கா, "ம்" என்றாள். 

மறுநாள் மெல்லிய பருத்தித் துணி வாங்கி வந்தாள். மெஷின் மேலிருந்த டிவியை இறக்கி, எண்ணெய் விட்டு உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது? தெரிந்த இடத்தில்தானே தொடங்க முடியும். காலரிலிருந்து தொடங்கினாள். உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்து, முனை இரண்டையும் ஊசி போலத் திருப்பி, ஓரத்தில் ஒரு நூல் பிசகாமல் தையல் ஓட்டினாள். அற்புதமான காலர். மாப்பிள்ளை கழுத்தில் நிற்க வேண்டியது. முடித்ததும் பழக்க தோஷத்தில் வலது பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்தது வரும் என்று இடது கையை நீட்டினாள். அங்கே அடுத்தது எதுவும் இல்லை. வெறும் சுவர்தான் இருந்தது.

பிறகு காலருக்குப் பொருந்துகிற மாதிரி கழுத்தை வெட்டினாள். கழுத்துக்குப் பொருந்துகிற மாதிரி தோளை வெட்டினாள். நாத்தனாரை நிற்க வைத்து மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் டேப்பால் அளந்து, அளவு எவ்வளவோ அவ்வளவே துணியை நறுக்கினாள். இரண்டு நாள் மெஷின் ஓடியது. நாத்தனார் சமையலறைப் பக்கமே போகாமல் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், பாதி தனக்கு, பாதி அண்ணிக்கு.

போட்டுப் பார்த்தார்கள். காலர் நிமிர்ந்து காதுமடலைத் தொட்டது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இன்னொரு கழுத்து நுழையும். முன்பக்கம் இரண்டு பாதியும் நெருங்கவே மறுத்தன, நடுவே ஒரு சாண் இடைவெளி. முதுகில் ஏதோ 'படார்' என்றது.

நாத்தனார் கண்ணாடியில் பார்த்தாள். "அண்ணி, போலீஸ் அதிகாரி மாதிரி இருக்கேன். அதுவும் சின்ன வயசு யூனிஃபார்ம எடுத்து மாட்டிக்கிட்ட போலீஸ்." சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பில் கை குலுங்கி வலித்ததும் 'ஆ' என்று நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தால் காலரக்கா சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, ஒரு சட்டைக்குப் போயி?"

"எனக்குத் தைக்கத் தெரியாது."

"என்னது?"

"முழுசாத் தெரியாது. காலர்தான் தெரியும். இத்தனை வருஷமும் காலர்தான் தைச்சேன். நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச, நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப உன் வேலை போகப் போகுது, என்னால."

நாத்தனார் மெதுவாகத் தரையில் வந்து உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.  

"அப்ப அந்தக் கூடத்துல யாருக்குத்தான் முழுச் சட்டை தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"சூப்பர்வைசருக்கு?"

"அவருக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது."

"நல்ல கம்பெனி! ஒருத்திக்கும் தெரியாம ஆயிரம் சட்டை வெளிய வருது. வெக்கப்பட வேண்டியவங்க ஏசி ரூம்ல இருக்காங்க, நீ இங்க அழுவுற" என்றாள் நாத்தனார். எட்டி, கழற்றிப் போட்டிருந்த அண்ணனின் பழைய சட்டையை இடது கையால் இழுத்து நடுவில் போட்டாள். "தெரியலன்னா என்ன, பிரிச்சுப் பாத்துடலாம். எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துதான மனுசன் கத்துக்கிட்டான். பிளேடு எங்க?"

பிரித்தார்கள். காலரக்கா தையலை அறுக்க, நாத்தனார் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இடது கையால் இழுத்துப் பிடித்தாள். பை வந்தது, கைகள் வந்தன, முதுகு தனியே வந்தது. ஒவ்வொன்றையும் தரையில் பரப்பினார்கள். ஒரு சட்டை இப்படித் தட்டையாக, அங்கம் அங்கமாகப் படுத்திருப்பதைக் காலரக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அத்தனை துண்டுகளுக்கு நடுவில் காலர் ஒரு ஒல்லியான பட்டையாகக் கிடந்தது.

"இம்புட்டுதானா!" என்றாள். தன் வேலையைச் சொன்னாளா, மற்றவர்கள் வேலையைச் சொன்னாளா என்பது தெரியவில்லை.

பிறகு கண்ணில் பட்டது அது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்கு, வெயில் படாமல் நிறம் மங்காத துணி. தையலுக்கு உள்ளே மடிந்து கிடந்த துணி. இதை விட்டுத்தான் வெட்ட வேண்டும். கம்பெனியில் வெட்டும் மேஜையிலேயே இதை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் அப்படி ஒன்றை நினைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததே இல்லை. அவள் தொடையில் அறைந்துகொண்டாள். "அடச்சீ! ஒடம்ப அளந்தேன், தையலுக்கு எடம் விட மறந்துட்டேன்!"

வாங்கிய துணி வீணாகிவிட்டது. மீதமிருந்தது ஒரு மெத்தை விரிப்பு, பூப்போட்டது, துவைத்துத் துவைத்துப் பஞ்சாய்ப் போனது.

"நான் என்ன கட்டிலா?" என்றாள் நாத்தனார்.

"பூ உள்பக்கம் வர்ற மாதிரி தைக்கிறேன். பேசாம அந்த ஓரத்துல உக்காரு. துணி நகருது."

நாத்தனார் எடைக்கல்லாக உட்கார்ந்தாள். காலரக்கா துண்டுகளை விரிப்பின் மேல் வைத்து, தேய்ந்த சோப்புத் துண்டால் சுற்றிக் கோடு போட்டு, இன்னும் ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு போட்டாள். வலது கையை மட்டும் அகலமாக்கி நடுவில் பிளந்தாள். சாயங்காலம் சரக்கு வண்டி ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர், "என் சட்டை எங்க?" என்று கேட்டார்.

"தரையில இருக்கு. பாத்து நட, கையை மிதிச்சுடாத" என்றாள் தங்கை. அவர் தன் சட்டையின் கையைத் தாண்டிப் போய், யாரும் சொல்லாமலே உலை வைத்தார்.

காலர் வைக்கவே இல்லை. வட்டக் கழுத்துக்கு ஒரு பட்டி, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை, முதலில் கட்டுப்போட்ட கையைப் பிளவுக்குள் கிடத்தி, முதுகைச் சுற்றி, இடது கையை நுழைத்து, நாடா ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டாள் காலரக்கா. இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று வந்து சேர்ந்தன. நாத்தனார், குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அண்ணியின் உச்சந்தலையில் இடது கையை ஒரு நிமிடம் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அன்று முழுக்கக் காலரக்காவுக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. நாத்தனார் வியர்த்து ஊற்றி, முகமெல்லாம் வெற்றியாகத் திரும்பி வந்தாள்.

"என் நாற்காலில உக்காந்துட்டேன். அந்தம்மா பைய எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. ரயில் நேரம் கேக்க வந்த ஒருத்தி, சட்டை எந்தக் கடைன்னு கேட்டா. அண்ணி தைச்சதுன்னேன். நம்பல."

"விடு. எங்கயாவது உறுத்துதா, அதைச் சொல்லு."

"கேட்டதால சொல்றேன். இடது அக்குள்ல கொஞ்சம் அறுக்குது."

"கழட்டு."

"இப்பவா? காபி குடிச்சுட்டு…"

"கழட்டுன்னா கழட்டு."

காலரக்கா சட்டையை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிளேடை எடுத்தாள். நாத்தனாருக்குப் பகீரென்றது. "நாளைக்கு வேலைக்குப் போகணும் அண்ணி! பிரிச்சா மறுபடி சேருமா?"

"நான் போட்ட தையல்தான. எங்கேர்ந்து தொடங்குச்சுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே காலரக்கா முதல் நூலை அறுத்தாள்.