கம்பளிக்குள் ஒரு கிட்டார்

லிஃப்ட் மெக்கானிக்கின் கிட்டார் கெட்டுப்போகவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். கெட்டுப்போயிருந்தால் எந்த இடம் என்று பார்த்துச் சரி பண்ணியிருப்பார். பெடலை மிதித்துக் கரகரவென்று வாசித்தால் நன்றாகத்தான் இருந்தது. பெடலை விட்டுவிட்டுச் சுத்தமான ஒலியில் மெதுவாக வாசித்தால்தான் வம்பு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ உள்ளேயிருந்து பேசுகிற மாதிரி உப்புச்சப்பில்லாமல் வந்தது.

இதை அவராகக் கண்டுபிடிக்கவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கிற டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. பகலில் கணக்கு நடத்தும் அந்த அம்மாள்தான் அவர் சேர்ந்திருந்த சின்ன இசைக்குழுவுக்குத் தலைவி. டயர் கடை மாடியில் ஞாயிறு மதியம் ஒத்திகை. ட்ரம்ஸ் அடிப்பவர் அந்த டயர் கடைக்காரரேதான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம மெலடிப் பாட்டோட ஆரம்பம் முழுக்க உங்க கிட்டார் ஒண்ணுதான். அது இப்படி மந்தமா இருந்தா கேக்கிறவங்க கொட்டாவி விட்டுடுவாங்க. ரெண்டு வாரம் பாக்கலாம். இல்லேன்னா அந்த இடத்தைக் கீபோர்டுல போட்டுக்கிறேன்" என்றார் டீச்சர்.

அந்தப் பாட்டு ஒன்றில்தான் கிட்டாருக்கு வேலை. அதையும் கீபோர்டு எடுத்துக்கொண்டால் அவர் எதற்கு? ஞாயிறு மதியம் தவிர அவர் பேசுகிற ஆட்கள், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு திட்டுகிறவர்கள்தான். வீட்டில் பேச ஆளில்லை. மனைவி பிரிந்து போய் மூன்று வருடம். சண்டை ஒன்றும் இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ், இவருக்குப் பகல் வேலை. ஒருவர் எழுந்திருக்கும்போது மற்றவர் படுக்கப் போவார். பேசப் பேச்சு இல்லாமல் போய், பிறகு ஆளும் இல்லாமல் போயிற்று.

சரி, கிட்டார் கதைக்கு வருவோம். அது பூட்டு வைத்த ட்ரெமொலோ கிட்டார். கம்பிகளை ஒரு பக்கம் கழுத்தருகேயும் மறுபக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிப் பூட்டியிருக்கும். அந்தப் பிரிட்ஜோ மரத்தில் அழுந்தி உட்காராது. முதுகுப் பக்கம் இருக்கும் ஸ்பிரிங்குகள் பின்னால் இழுக்க, கம்பிகள் முன்னால் இழுக்க, நடுவில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு கம்பியைக் கழற்றினால் மற்ற ஐந்தும் சுருதி மாறிவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தியை ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது போலத்தான்.

மிதக்கிற பிரிட்ஜ்தான் ஒலியைத் தின்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கம்பி மாற்றினார். சுருதி நிற்க அரை நாள் போயிற்று. அடுத்துத் தடித்த கம்பி போட்டார். பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. இன்னொரு ஸ்பிரிங் மாட்டினார்; பின்பக்கம் புதைந்தது. பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் இரும்புக் கட்டையை எடுத்துவிட்டுப் பித்தளைக் கட்டை வைத்தார். கம்பிக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப்பை ஏற்றினார், இறக்கினார். டோன் குமிழைப் பிரித்துத் துடைத்தார். சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரமாகச் சோற்றுத் தட்டுக்கு இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒலி மட்டும் கம்பளியை விட்டு வெளியே வரவே இல்லை.

இதில் வேடிக்கை, வேலையில் அவர் இப்படிப்பட்ட ஆளே இல்லை. நடுவழியில் நின்ற லிஃப்டைப் பார்க்கப் போனால் மோட்டாரைத் தொடவே மாட்டார். முதலில் கதவிடுக்கைப் பார்ப்பார். பாதி நேரம் ஒரு சாக்லேட் தாள் அங்கே கிடக்கும். ஊர் லிஃப்டுக்கு இருந்த புத்தி சொந்தக் கிட்டாருக்கு இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை அக்கா வந்தாள். கண் டாக்டரைப் பார்க்க வந்தவள், ஒரு பகல் தம்பி வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருந்தாள். முன்னறையிலிருந்து நடை வழியாகப் போனவள், காலில் ஏதோ சிக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தாள்.

"என்னடா இது, துணி காயப் போடுற கொடியா? தரையில கட்டி வெச்சிருக்க?"

"கிட்டார் வயர்க்கா. சத்தம் வர்ற ஆம்ப் பொட்டி அந்த ஸ்டோர் ரூம்ல இருக்கு."

"கிட்டார் இங்க, பொட்டி அங்கயா? எதுக்குடா?"

"எனக்கு லீவு நாள்ல அவ பகல்ல தூங்குவால்ல. அதான் ஆம்பை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டு, நான் இங்கேருந்து வாசிப்பேன்."

அக்கா போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து பார்த்தாள்.

"அவ போயி மூணு வருஷமாச்சு. இப்ப யாரு தூங்குறான்னு கதவைச் சாத்தி வெச்சிருக்க?"

அவர் வயரைப் பார்த்தார். பதினைந்து மீட்டர். இரண்டு வயரை நடுவில் ஜாயின்ட் போட்டு இணைத்தது. ஒத்திகைக்கும் இதையேதான் சுருட்டி எடுத்துப்போவார். அங்கே இருப்பது குழுவின் ஆம்ப்; அதுவும் ஒரு மூலையில் இருக்கும். இவர் யாருக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று கதவோரம் நிற்பார்.

"ரெண்டு வாரமா கிட்டாரைப் பிரிச்சுப் பாத்துட்டேன், மந்தம் போகலக்கா. கதவு சாத்தினதாலயும் இல்ல. அங்க மாடியிலயும் இப்படித்தான் கேக்குது" என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருந்தது எது? கிட்டார். அதோடு இந்த வயர். கிட்டாரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டாயிற்று. வயரைத் தொடவே இல்லை.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வயர் நீளமா இருந்தா கூர்மையான சத்தமெல்லாம் வழியிலேயே செத்துடும்க்கா. பெடல் போட்டு அலற விட்டா அது வெளிய தெரியாது."

"இதுக்கு ரெண்டு வாரமா? மொட்டை மாடிச் செடிக்கு நீளப் பைப்பு மாட்டினா கடைசியில சொட்டு சொட்டாத்தான் வருது. நான் என்ன, குழாயையா பிரிச்சுப் போட்டேன்? பிடி இந்தப் பக்கம்."

இருவருமாக ஆம்பை முன்னறைக்குத் தூக்கி வந்தார்கள். கிட்டார் வாங்கியபோது கூட வந்த மூன்று மீட்டர் வயர், உறை கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. மாட்டினார். சுருதி சேர்த்தார். ஒரே ஒரு கம்பியைத் தட்டினார்.

அறை முழுக்கப் பளிச்சென்றது. நகம் கம்பியில் உரசியதுகூடக் கேட்டது. அவர் கையை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். யாரும் வந்து சத்தம் போடவில்லை.

"வாசிடா. என் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாசித்து முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. மேசையைத் துடை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் ஒத்திகையில் மூன்று மீட்டர் வயரோடு கதவோரம் நிற்க முடியவில்லை. ட்ரம்ஸுக்கும் டீச்சருக்கும் நடுவில் வந்து நின்றார். பாட்டின் ஆரம்பத்தை வாசித்தார். டயர் கடைக்காரர் புருவத்தைத் தூக்கினார். நாலு எண்ணி அவர் ட்ரம்ஸோடு உள்ளே வந்தார், டீச்சர் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சவுண்டு பிரமாதம் சார். இப்பத்தான் நீங்க வாசிக்கிறதே கேக்குது. கேட்டதாலதான் இன்னொண்ணும் தெரியுது. நீங்க யாருக்காகவும் நிக்கிறதே இல்ல."

"அண்ணே, நான் நாலு எண்ணி முடிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்த தெருவுக்கே போயிட்டீங்க!" என்றார் டயர் கடைக்காரர்.

மூன்று வருடம் தனியாக வாசித்தவர். யார் வரவேண்டும் என்று நிற்பது? மந்தமாக இருந்தவரை அந்த ஓட்டம் யார் காதிலும் விழவில்லை. மறுபடி வாசித்தார்கள். மறுபடி ஓடினார். நாலாவது தடவையும் அதே கதைதான்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கலாம். அப்பவும் சேரலேன்னா கீபோர்டுதான்" என்றார் டீச்சர். டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

எல்லோரும் கிளம்பியபின் அவர் டயர் கடைக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க அடியை மட்டும் ஃபோன்ல பதிஞ்சு குடுப்பீங்களா? வீட்ல போட்டு வெச்சுப் பழகிக்கிறேன்."

"பதிஞ்சதோட பழகினா அது உங்களுக்காக நிக்காது, நீங்களும் அதுக்காக நிக்க மாட்டீங்க. அஞ்சரைக்குக் கடை மூடுவேன். தினம் வாங்க, அரை மணி நேரம் அடிப்போம்."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"இருக்கும். வாங்க."

திங்கட்கிழமை ஐந்தரைக்குப் போனார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கிட்டாரை முன்னால் அணைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனார்.