டீசலுக்கு மாத்திட்டீங்களா

எங்கள் காருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் பசிக்கும். அப்படி ஒரு வாசம். ஆலங்குடி கடைத்தெருவில் நாங்கள் கடந்து போனால், எந்தக் கடையில் பஜ்ஜி போடுகிறார்கள் என்று ஆட்கள் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். பஜ்ஜி சுட்டு மிச்சமான எண்ணெயில்தான் அந்தக் கார் ஓடியது. எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை.

அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் அவர் முகத்தை நான் நேரில் பார்த்ததைவிட போனில் பார்த்ததுதான் அதிகம். லீவில் வந்தால், வந்த அன்றைக்கே திரும்பிப் போகிற தேதி காலண்டரில் வட்டம் போட்டு நிற்கும். அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோறு போடும்போதுகூட சுருக்கென்று ஏதாவது சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் இரண்டு வீட்டிலும் பேர். ஆனால் போகாதீங்க என்று சொல்ல மட்டும் அந்த வாய்க்கு வரவில்லை. போகாமல் இங்கே என்ன செய்ய என்று அவர் கேட்டால், என்னிடம் பதில் கிடையாது. நான் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். அதை வைத்து மூன்று பேர் வாயைக் கட்டத்தான் முடியும்.

ஒரு தடவை பெர்மிட் முடிந்து வந்தவர், வந்த வாரத்திலேயே ஒரு பழைய சின்ன டீசல் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இதை ஓட்டுவதா தள்ளுவதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பின் சீட்டைக் கழற்றி வேப்பமரத்தடியில் போட்டார். கட்டுமாவடி கடற்கரைக்குப் போய், மீன் பிடிக்கப் போன ஃபைபர் போட்டு கரைக்கு வரும்போதே மீனை எடுத்து, ஐஸ் போட்ட டப்பில் வைத்துக் கொண்டுவந்து, ஆலங்குடியில் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொடுப்பது என்பது திட்டம். ஆனால் அவ்வளவு தூரம் தினம் டீசல் போட்டுப் போய் வந்தால், மீனில் வருகிறதெல்லாம் பங்க்குக்கே போய்விடும். அதற்குத்தான் எண்ணெய். பட்டறையில் கூட வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரர், தன் ஊரில் சமையல் எண்ணெயில் கார் ஓட்டுவதாகச் சொல்லிப் படமெல்லாம் காட்டியிருக்கிறார். இவர் மண்டைக்குள் அது ஏறி உட்கார்ந்துவிட்டது.

கிறுக்குத்தனம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோதுதான் அவர் அதைச் சொன்னார்.

"இந்த வண்டி எண்ணெயில ஓடிருச்சுன்னா நான் எதுக்கு மறுபடி போறேன்? இங்கிட்டே இருந்துருவேன்."

அப்படியே வாயை மூடிக்கொண்டேன். அந்த ஓட்டை வண்டி மேல் அன்றைக்கு எனக்கு வந்த பாசத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

சிலிண்டரும் வெல்டிங் மிஷினும் வாடகைக்கு எடுத்துவந்து வேப்பமரத்தடியில் வேலையை ஆரம்பித்தார். துருப்பிடிக்காத தகட்டில் ஒரு தொட்டி செய்து டிக்கியில் வைத்தார். எண்ணெய் டீசலைவிடக் கெட்டி. சூடாக்கி இளக வைத்தால்தான் இன்ஜினுக்குள் போகும். அதனால் இன்ஜினைச் சுற்றி வருகிற சுடுதண்ணீரை ஒரு செம்புக் குழாயில் கொண்டுவந்து தொட்டிக்குள் சுருட்டி விட்டார். வண்டியை எடுக்கும்போது டீசல். இன்ஜின் சூடானதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே மறுபடி டீசலுக்கு மாற்றி, குழாயில் நிற்கிற எண்ணெயையெல்லாம் எரித்துத் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறியதும் எண்ணெய் உள்ளே தடித்து, அடுத்த தடவை வண்டி கிளம்பாது. இந்த மாற்றுகிற வேலைக்கு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், வீட்டில் லைட்டுக்குப் போடுகிற வெள்ளை சுவிட்ச் ஒன்றையே வைத்தார். மேலே தட்டினால் டீசல், கீழே தட்டினால் எண்ணெய்.

எண்ணெய் வடிகட்டுவது என் வேலை. சாயங்காலத்தில் பஜ்ஜிக் கடை, மிக்சர் கடை என்று கேன் கேனாகக் கொண்டுவருவார். கறுப்பாக, அடியில் வெங்காயத் துணுக்கும் மாவும் கிடக்கும். அவருடைய பழைய வேட்டிகளை நாலாக மடித்து டிரம்மின் வாயில் கட்டி ஊற்றுவேன். துவைத்தாலும் வாசம் போகாது. என் தலைமுடியில்கூட மிளகாய் பஜ்ஜி மணக்கிறது என்று ஆபீசில் கேலி. வீட்டில் ஆள் இருந்தால் ஆயிரம் வாசம் அடிக்கும் என்று திருப்பிக் கொடுத்தேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

முதல் தடவை எண்ணெய்க்கு மாற்றியபோது நானும் மகளும் காரில்தான் இருந்தோம். அறந்தாங்கி ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் அவர் சுவிட்சைக் கீழே தட்டினார். இன்ஜின் ஒரு இருமல் இருமியது. செத்தோம் என்று நினைத்தேன். பிறகு சத்தம் மெதுவாகி, டீசலில் போனதைவிட அமைதியாகப் போனது. ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தது. பசிக்குதுப்பா என்றாள் மகள். அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மீன் வியாபாரமும் பிடித்துக்கொண்டது. மீனையும் எண்ணெயையும் ஒரே வண்டியில் வைத்துக்கொண்டு வழியிலேயே வறுத்துவிடுவார் போல என்று தெருவில் கிண்டல் செய்தவர்களே, நாளைக்கு வாவல் மீன் வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலண்டரில் வட்டம் இல்லாத சித்திரை, வைகாசி, ஆனி. ஞாயிற்றுக்கிழமை டப்பையெல்லாம் கழுவிவிட்டு, பின் சீட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். விராலிமலைக்குப் போன அன்று மலையடிவாரத்தில் ஒரு மயில் எங்கள் கார் பக்கத்தில் வந்து நின்று மோந்து பார்த்தது. அதுக்கும் பஜ்ஜி கேக்குது என்று மகள் சொல்ல, நாங்கள் இறங்காமல் வெகுநேரம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கும் மயிலைப் பார்த்தால் எனக்கு அந்த முன்சீட்டில் போய் உட்கார வேண்டும் போலிருக்கும்.

அவருக்கு இருந்த ஒரே குறை அந்த சுவிட்சை மறப்பது. ஊருக்குள் நுழைகிற வாய்க்கால் பாலத்தில்தான் டீசலுக்கு மாற்ற வேண்டும். பாலம் வந்ததும், "டீசலுக்கு மாத்திட்டீங்களா?" என்று கேட்பேன். மாற்றியிருக்க மாட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டுவார். அவர் தனியாகக் கட்டுமாவடிக்குப் போகிற நாட்களில் கரை நெருங்குகிற நேரம் பார்த்துப் போன் போட்டும் இதையே கேட்பேன். நல்லாயிருக்கிறீர்களா, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் எனக்கு வராது. இதுதான் வரும்.

ஐப்பசி வாக்கில் பழைய எண்ணெய்க்கு ஆள் வந்துவிட்டது. வேன் வைத்துக் கடை கடையாகப் போய் மொத்தமாக வாங்க ஆரம்பித்தார்கள். பஜ்ஜிக்கடைக்காரர்கள் எங்களுக்குக் கொடுத்த கேன் ஒவ்வொன்றாக நின்றது. நம் பக்கம் தென்னைக்கு என்ன குறைச்சல் என்று இவர் எண்ணெய் மில்லுக்குப் போனார். அங்கே தேங்காய் எண்ணெய் ஆட்டும்போது மில் தொட்டியின் அடியில் தங்குகிற கசடு எண்ணெயை விலை பேசிக் கொண்டுவந்தார். கசடு என்றாலும் வடித்தால் பஜ்ஜி எண்ணெயைவிடச் சுத்தமாக இருந்தது. வண்டி புட்டு மாவு வாசத்தோடு ஓடியது. கார்த்திகை வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும். இது தெரியாத வீடு ஏதாவது உண்டா? குளியலறை ஜன்னலில் பாட்டில் வெள்ளையாகக் கட்டிப் போயிருக்கும், வெயிலிலோ சுடுதண்ணியிலோ வைத்துத்தான் தலைக்குத் தடவுவோம். பிறந்ததிலிருந்து செய்கிறேன். அந்த எண்ணெயும் இந்த எண்ணெயும் ஒன்றுதான் என்று எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை. காருக்குள் போய்விட்டால் அது டீசலின் தம்பி என்று நினைத்துவிட்டோம் போல.

அன்றைக்கு அவர் விடியுமுன் கட்டுமாவடிக்குப் போயிருந்தார். பொங்கலுக்கு முந்தின வாரம். மூன்று ஓட்டலிலிருந்து மொத்தமாகக் கேட்டிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள், போன் போடவில்லை. கரையோரம் படகு விளக்கு தெரிந்ததும், தன் போட்டு வந்துவிட்டது என்று அவர் விரட்டிக்கொண்டு போய், சுவிட்சைத் தொடாமலே வண்டியை அணைத்துவிட்டு இறங்கி ஓடியிருக்கிறார். வந்தது வேறு போட்டு. இவருக்கு வரவேண்டியது விடிந்து நன்றாக வெளுத்த பிறகுதான் வந்தது. அத்தனை நேரமும் வாடைக்காற்றில் கார் நின்றது.

நான் எழுந்து மகளுக்குத் தலை சீவ, உறைந்த எண்ணெய்ப் பாட்டிலைச் சுடுதண்ணியில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீன் ஏற்றியாகிவிட்டது, வண்டி கிளம்பவில்லை என்றார். கையில் அந்தப் பாட்டில்.

"உறைஞ்சிருச்சுங்க," என்றேன்.

போனிலேயே சாவி திருகுகிற சத்தம் கேட்டது.

சாவியைத் திருகித் திருகிப் பேட்டரி செத்தது. கட்டிப்போன எண்ணெயை இழுத்து டீசல் பம்ப்பும் அடிவாங்கியது. வேறு வண்டி பிடிக்க நாலு பேரிடம் ஓடினார், சீசன் நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை. வெயில் ஏற ஏற ஐஸ் கரைந்தது. கொடுமை என்னவென்றால் அதே வெயிலில் எண்ணெயும் உருகிவிட்டது. ஆனால் வண்டியைக் கிளப்பப் பேட்டரியும் இல்லை, பம்ப்பும் இல்லை. மீனைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பம்ப்பைக் கழற்றி, மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து மாட்டினார். வண்டி பழையபடி ஓடியது. ஓட்டல்காரர்கள்தான் திரும்பி வரவில்லை. ஐஸ் பெட்டி வைத்த வேன் ஒன்று அதற்குள் அந்த வாடிக்கையைப் பிடித்துவிட்டது. மாசியில் சிங்கப்பூர் ஏஜென்ட் போன் பண்ணினான். கொல்லைப்பக்கம் போய் நின்று பேசிவிட்டு வந்தார். மறுநாள் காலண்டரில் வட்டம் இருந்தது.

போவதற்குள் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கிளட்சை மிதிக்கிறாயா நசுக்குகிறாயா என்று அவர் கத்த, நான் பதிலுக்குக் கத்த, எப்படியோ கற்றுக்கொண்டேன். பஜ்ஜிக்கடை ஒன்றில் கெஞ்சி ஒரு கேன் எண்ணெய் வாங்கிவந்து அவரே வடித்து ஊற்றினார். ஏர்போர்ட்டுக்கு எண்ணெயில்தான் போக வேண்டுமாம்.

மகளுக்குப் பரீட்சை. அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். நான் ஓட்டினேன். புதுக்கோட்டை தாண்டி, கீரனூர் தாண்டி, பங்குனி வெயிலில் பஜ்ஜி வாசத்தோடு வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில்கூட முரண்டு பிடிக்கவில்லை. எனக்கு அதன் மேல்தான் ஆத்திரமாக வந்தது. இப்போது ஓடுகிற ஓட்டத்தை அன்றைக்கு ஓடித் தொலைத்திருக்கலாமே, சனியனே.

மாத்தூர் வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஏர்போர்ட்.

"டீசலுக்கு மாத்திட்டியா?" என்றார். எப்போதும் நான் கேட்கிறது.

"மாத்துனா நிறுத்தணும்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏர்போர்ட் வாசல் வந்தது. உள்ளே திருப்பினேன். சுவிட்சில் கை வைக்கவே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் கையை நீட்டி, வெள்ளை சுவிட்சை மேலே தட்டினார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும். கொழாயில இருக்க எண்ணெ தீரட்டும். இல்லாட்டி நீ திரும்பிப் போகையில சிரமம்."

ஓடட்டும் என்றேன். எடு எடு என்று போலீஸ்காரர் விசில் அடித்தார். இரண்டு பேரும் அசையவில்லை. அவர் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. என் கையை அதன் மேல் வைத்தேன். பஜ்ஜி வாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அது இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் என்ன என்று கிடந்து தவித்தேன். கடைசியில் டீசல் வாசம் வந்துவிட்டது.

"இப்ப நிறுத்தலாம்," என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அன்றிலிருந்து கார் டீசலில்தான் ஓடுகிறது. ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் யாருக்கும் பசிப்பதில்லை. டிக்கித் தொட்டியில் அன்றைக்கு மிச்சமான எண்ணெய் அப்படியே கிடக்கிறது. அதை இறக்கிக் கொட்டிவிடு, கெட்டுப் போயிருக்கும் என்று ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் சொல்கிறார்.

"நீங்க வந்து எறக்குங்க," என்கிறேன்.