ஏனத்தில் வெட்டிய பெயர்

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிச் சில வருஷம் ஆகியும், புதுச்சேரியில் உயில் எழுத, அவர்கள் காலத்துப் பத்திர அதிகாரியான நொத்தேரிடம்தான் போனோம். மில்லில் என்னோடு வேலை பார்த்த நண்பனும் அவரிடம் எழுதிவைத்து, அதை நிறைவேற்றும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுச் செத்துப்போனான். அழக்கூட விடவில்லை, பாவி.

வீடும் சாமானும் மூத்த தாரத்து மகன்கள் இருவருக்கு. இரண்டாம் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது அவளுக்கு. பிரித்துக் கொடுக்க வேண்டியவன் நான்.

கூடத்தில் பாத்திரங்களைப் பரப்பினோம். அண்டா, குடம், சொம்பு, எல்லாவற்றிலும் அவன் பெயர். கல்யாணமான புதிதில், பெயர் வெட்டுகிறவன் தெருவில் வந்தபோது, இரண்டாம் மனைவி தன் சீர்ப் பாத்திரங்களையும் கொடுத்து புருஷன் பெயரையே வெட்டச் சொல்லியிருந்தாள். அவள் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர் அது.

"எல்லாத்துலயும் அப்பா பேருதான இருக்குது" என்றான் மூத்த மகன்.

நொத்தேரின் குமாஸ்தா நல்ல மனிதர். "அந்தம்மா தொட்டுக் காட்டி, என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். எழுதிக்கறேன்" என்றார்.

அவள் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாட்களில் அவன் வாயில் தண்ணீர் விட்ட சொம்பு.

"சொல்லித் தொலையேம்மா!" என்று கத்தினேன்.

"அவரு பேரு இருக்கறத என்னுதுன்னு எப்பிடிண்ணே சொல்லுவேன்? அவரு போனதும் பிரிச்சிக்கறதா?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் அதற்குமேல் வாயே திறக்கவில்லை. எல்லாம் மகன்களின் வண்டியில் ஏறியது. சொம்பையாவது விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. அவள் துணி மூட்டையோடு மூலக்குளத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். நண்பனுக்காக அன்றைக்குத்தான் அழுதேன்.

பிறகு என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாலியறுத்தவள் பந்தலில் நிற்கக் கூடாதென்று அவள் முதல் நாளே வந்துவிட்டாள். சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து குடத்தின் கழுத்தைத் தடவினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

"மாப்பிள்ள பேராண்ணே?"

"இல்லம்மா, பொண்ணு பேரு. நாந்தான் வெட்டச் சொன்னேன்."

அதற்காகச் சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டதை நான் சொல்லவில்லை. குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லதுண்ணே" என்றாள். "இவள யாரும் வந்து என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லுன்னு கேக்க மாட்டாங்க."