குளிர் ஓடைத் தும்பி

மைனியின் அடுக்களையில், ஊறுகாய்ப் பரணிக்கும் நல்லமிளகு டப்பாவுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே ஸ்பிரிட்டில் கிடந்தது ஒரு தும்பியின் லார்வா. சிறகு முளைக்காமல் தண்ணீருக்குள் வாழும் பருவம். படிக்கும் காலத்தில் இமயமலை ஓடையொன்றில் கல்லைப் புரட்டி மைனியே பிடித்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் அருமனைக்கு வந்தபோது நகைப்பெட்டியைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்தார்.

அந்தப் பூச்சிக் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூட அவருக்குத் தெரியாது. உடம்பு தட்டானுடையது, சிறகை மடிப்பதோ ஊசித்தட்டான்போல. எதில் சேர்ப்பதென்று தெரியாமல் ஒருகாலத்தில் தனிப்பிரிவே வைத்திருந்தார்களாம். பூமி குளிர்ந்திருந்தபோது ஆசியா நெடுகப் பரவியிருந்த கூட்டம், சூடு ஏறியதும் ஜப்பான், சீனா, இமயம் என்று அங்கங்கே குளிர்ந்த ஓடைகளில் மாட்டிக்கொண்டது. “கீழ இறங்குனா வெயிலு கொன்னுரும் மக்கா. சிறகு வரதுக்கே அஞ்சாறு வருஷம் தண்ணிக்குள்ள கிடக்கணும், கேட்டியா?” என்பார்.

ஜப்பான் தும்பியும் இமயத் தும்பியும் ஒரே இனமா, வேறா என்பதுதான் மைனி பாதியில் விட்ட ஆராய்ச்சி. அண்ணன் கல்ஃபில், அம்மாவுக்குத் துணை மைனி. எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் யாரிடமும் கேட்டு முடிவு செய்வதில்லை. ஒருநாள் அவருடைய பழைய பேராசிரியர் ஃபோனில் அழைத்தார். மரபணுவைப் பார்த்துவிடலாம், அந்த ஓடையில் இப்போது தும்பியே கிடைப்பதில்லை, குப்பியோடு வா என்றார். அன்று மைனி அடுக்களையில் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டு எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கிளம்புமுன் மைனி குப்பியைத் திறந்ததும் ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டின் நெடி மூக்கில் ஏறியது. வாழ்நாளெல்லாம் ரப்பர் ஷீட் அடித்த அம்மா பெருமையாகச் சொன்னாள்: “தண்ணி வத்திட்டே போச்சு. நான்தான் அப்பப்ப ஆசிட்டு ஊத்தி வச்சேன். பாலே உறைஞ்சு நிக்கே, உனக்க பூச்சி கெடுமா?”

அந்த ஆசிட்டில் மரபணு சிதைந்துவிடும். நான் கத்த வாயெடுத்தேன். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருக்கு மாமி,” என்றார். பேராசிரியரிடம் வரவில்லை என்று மட்டும் சொன்னார். எனக்கு அம்மாமேல் வந்த கோபம் அவள் சாகும்வரை முழுதாக ஆறவில்லை.

அம்மா போய் ஒரு வருஷமாகிறது. போன வாரம் அதே குப்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் மைனி. உள்ளே பழுப்பாக ஏதோ படிந்திருந்தது.

“இனியாவது போலாமே மைனி. வேற ஓடையில தேடலாம், நான் கூட வாறேன்,” என்றேன்.

குப்பியை ஊறுகாய்க்கும் நல்லமிளகுக்கும் நடுவே திரும்ப வைத்தார்.

“அங்க குளிரு கூடுதலு மக்கா,” என்றார். “எனக்கு இப்ப ஒத்துக்கிடாது.”