ஏணைக் கயிற்றின் தடம்

பஸ் அரிதாயிருந்த காலம். குழந்தை தவறிய வீட்டில் இருக்கப் பிடிக்காமல், கூடார வண்டில் ஒன்று வாங்கி, ஊரூராகப் புடவை விற்று அதிலேயே குடியிருக்கத் தீர்மானித்தோம்.

தேற்றாத்தீவில் ஒருவர் தன் வண்டிலைக் காட்டினார். கால் நீட்டிப் படுக்கலாம். கூரை ஓலையும் புதிது. சில்லுகளை நான் உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே ஏறிய என் கணவர் சட்டென்று இறங்கிவிட்டார்.

"சில்லு ஆடுது. இது வேணாம், வா."

எதைக் கண்டார் என்று நானும் ஏறிப் பார்த்தேன். கூரை மூங்கிலில், யாரோ பிள்ளையை ஆட்டிய ஏணைக் கயிறு அராவிய தடம்.

எங்கள் பிள்ளையை அவர் மறந்துவிட்டார் என்றல்லவா அதுவரை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்!

"சில்லு நல்லாத்தான் இரிக்கு. இதையே எடுப்பம்" என்றேன்.

அந்த வண்டிலில்தான் வாழ்ந்தோம். புடவை மூட்டைகளை அவர் அந்தத் தடத்தில் மட்டும் தொங்கவிட்டதேயில்லை. ஏனென்று நானும் கேட்டதில்லை.