நிற்கிற குத்தும் விழுகிற உதையும்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் எந்தக் கராத்தே எப்படிப்பட்டது என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். ஷோட்டோகான்காரன் காலை அகட்டி, தாழ்ந்து, நீளமாக நிற்பான், பார்க்க அழகு. கோஜுரியுக்காரன் குறுக்கி நின்று, மூச்சைக் கட்டி, கிட்ட வந்து அடிப்பான். நான் கற்றது கியோகுஷின். கையால் முகத்தில் குத்தக்கூடாது. மற்றபடி உடம்பில் பட்டால்தான் அடி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டே கற்றேன். அந்த வட்டாரத்தில் என் உதைக்கு நின்றவன் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் கோவில்பதாகையில் ஒரே மைதானத்தில் இரண்டு வகுப்புகள். ஒரு பக்கம் நான். மறுபக்கம் ஒரு ஷோட்டோகான் மாஸ்டர். கல்லூரியில் படித்தவர். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் கராத்தே வெள்ளுடையில் வந்து நிற்பார். கூட்டம் அவரிடம்தான். இடம் போதாமல் தகராறு வர, மோதிப் பார்க்கட்டும், ஜெயித்தவருக்கு மைதானம், தோற்றவர் வேறு இடம் தேடட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நடுவர் வைக்கலாம் என்றார் அவர். அவரவர் முறையில் மோதுவோம், நடுவர் எதற்கு என்றேன். ஒப்புக்கொண்டார். அங்கேயே அவர் கதை முடிந்தது.

அவர்கள் பழக்கத்தில் குத்து முகத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நிற்கவேண்டும். நின்றால் புள்ளி. முதல் குத்து என் மூக்கின் முன் வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை, அவ்வளவு வேகம். யாராவது புள்ளி சொல்வார்கள் என்று அவர் அப்படியே நின்றார். நீட்டி வைத்திருந்த முன்தொடையில் உதைத்தேன். விழுந்தார். கூட்டம் சிரித்தது. எழுந்தார். மறுபடி குத்து நின்றது. மறுபடி அதே தொடை.

"அடி மாஸ்டர். கை இன்னாத்துக்கு கீது?" என்றேன்.

மூன்றாம் தடவை அடிக்கத்தான் வந்தார்; முகத்தில் தெரிந்தது. நிறுத்தியே பழகிய கை, தானாக நின்றுவிட்டது. அடுத்த உதைக்கு அவரால் எழ முடியவில்லை. அவருடைய ஆட்கள் ஒருவரும் தூக்க வரவில்லை.

மண்ணில் உட்கார்ந்தபடி மெதுவாகக் கேட்டார். "மூணு தடவையும் நிறுத்தினேன். நீங்க பாத்தீங்க இல்ல?"

குனிந்து அவர் காதோடு சொன்னேன். "பாத்தேன் நைனா. அவங்க பாக்கலியே."

அடுத்த ஞாயிறு அவருடைய ஆட்களில் பாதிப்பேர் என் வரிசையில் நின்றார்கள். அவர் வேப்பம்பட்டுப் பக்கம் போய்விட்டதாகவும், காலை இழுத்து இழுத்து நடப்பதாகவும் சொன்னார்கள். அவர் நின்ற பக்கத்தில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். அதை முதலில் உதைக்க அவருடைய பழைய ஆட்களைத்தான் கூப்பிட்டேன்.